ஒத்திப் பணம்

வீரசோழன் பக்கம் வீடு தேடிப் போகிறவரிடம் முதலில் வரும் கேள்வி, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். சென்னையில் இதை லீசு என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் ஒத்தி. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு இரண்டோ மூன்றோ வருஷம் வாடகையில்லாமல் குடியிருப்பது. கெடு முடிந்ததும் கொடுத்த பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு காலி செய்வது. வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மூன்று லட்சம் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000. இரண்டு ரூபாய் என்றால் 6,000. வாடகை அந்த வட்டிக்குள் அடங்கிவிடுகிறது, பேச்சில் வராததோடு சரி. இந்த ஊர்ப் பள்ளிவாசல்களிலும் ஜமாத்துகளிலும் ஒத்தி கூடுமா, கூடாதா என்ற விவாதம் ஓயாமல் இருப்பது இதனால்தான். கடன் கொடுத்தவன் கடனுக்கு மேல் ஒரு பலனை அனுபவித்தால் அது வட்டி என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. அடமானமாக வந்த வாகனப் பிராணிக்குத் தீனி போடுகிறவர் அதன்மேல் ஏறிப்போகலாம் என்ற நபிமொழியைக் காட்டி ஒத்திக்கு இடம் கேட்பவர்களும் உண்டு. பிராணிக்குத் தீனி போட வேண்டும், வீட்டுக்கு என்ன தீனி என்று மறுதரப்பு கேட்கிறது. பெயருக்கு ஒரு சிறு வாடகை வைத்துக்கொண்டால் குற்றமில்லை என்று சமாதானம் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்: சந்தை வாடகை 4,000 இருக்கும்போது 200 ரூபாய் கொடுத்தால் மிச்சம் 3,800 எதற்கு ஈடு?

இந்த விவாதம் குடியிருப்பவரின் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறது. வட்டி அனுபவிக்கிறாரா என்று அவரைத்தான் சோதிக்கிறார்கள். வீட்டுக்காரர் பாவம், பணமுடையில் வீட்டைக் கொடுத்தவர் என்ற பார்வை. அறக் கேள்வியின் கனமான பாதி அவரிடம்தான் இருக்கிறது. வாங்கிய பணத்தை என்ன செய்தார்?

பெரும்பாலும் அது கைக்கு வருமுன்பே செலவாகிவிட்ட பணம். மகள் கல்யாணம், மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது, மாடி கட்டியதில் நின்றுபோன கொத்தனார் பாக்கி. கெடு முடியும்போது திருப்பித் தர வழி ஒன்றே ஒன்று: அடுத்த ஒத்திக்காரரைப் பிடிப்பது. அவர் பணத்தில் இவருக்குக் கொடுப்பது. வருகிறவர் கூடுதலாகக் கொடுத்தால் மிச்சமும் உண்டு. யாரும் வராத வருஷம் வந்தால்தான் சங்கிலி அறுந்தது தெரியும். தென் கொரியாவில் ஜோன்சே என்ற பெயரில் நம் ஒத்தியே பெரிய அளவில் நடக்கிறது. அங்கே 2022, 2023-இல் வீட்டு விலை இறங்க, பல வீடுகளை வளைத்து வைத்திருந்தவர்களால் பணத்தைத் திருப்ப முடியவில்லை. இஞ்சியோனில் பணத்தைப் பறிகொடுத்த இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம்மூரில் தொகை சிறிது, ஆனால் அது வந்த வழியைப் பார்க்க வேண்டும். நகையை அடகு வைத்தது, சீட்டு எடுத்தது, வளைகுடாவில் ஒருவர் பல வருஷம் சேர்த்தது. ஒரு குடும்பத்தின் கையிருப்பு மொத்தமும் அதுவாகவே இருக்கும். அதை வீட்டுக்காரர் வாங்கி வைத்திருப்பது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். தன் பணம்போலச் செலவழிக்க அவருக்கு உரிமை கிடையாது என்று சொன்னால், பிறகு எதற்கு ஒத்திக்கு விடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செலவழிக்கலாம், ஆனால் திருப்பித் தரும் வழி இன்னது என்பது பணத்தைக் கைநீட்டி வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வாடகைக்கு விட்டு மாதாமாதம் வருவதை வாங்கிக்கொள்வதே நேர்மை, கல்யாணம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

சட்டம் இங்கே அரைகுறையாகத்தான் துணைக்கு வரும். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதியச் சொல்கிறது, தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. அது வாடகை உறவுக்கானது. ஒத்தியோ 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி அனுபவ அடமானம். அந்தச் சட்டப்படி 100 ரூபாய்க்கான அடமானம்கூடப் பதிவு பெற வேண்டும். லட்சங்கள் கைமாறும் ஒத்திகள் பலவும் பாண்டு பத்திரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன. பதிவுச் செலவு மிச்சம் என்று இருதரப்புக்கும் திருப்தி. வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து அது வாராக்கடனாகிவிட்டால், வங்கி 2002-ஆம் வருஷத்துச் சர்பாசி சட்டப்படி வாசலில் நோட்டீஸ் ஒட்டும். பணத்தைத் தந்தால்தான் சாவி என்று ஒத்திக்காரர் உட்கார்ந்திருந்த ஒரே பலமும் அன்றோடு போயிற்று. வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா என்று அவரைத்தான் கேட்பார்கள். கடன் இருப்பது தெரிந்தும் வாயைத் திறக்காதவரை யாரும் கேட்பதில்லை.

வீடு விடுகிறவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. கணவர் கட்டிவிட்டுப் போன இரண்டு அறையில் ஒன்றை விட்டுச் சாப்பிடும் பெண்களும் இவர்களில் உண்டு. கெடு முடிந்தும் நகராத ஒத்திக்காரரிடம் அவர்கள் படும் பாடு தனி. ஆனால் மழை பொய்க்கும் இந்தச் சீமையில் ஒரே ஒரு வீடு வைத்திருப்பவர் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது: போர் மோட்டாரின் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கும். எப்போது போடுவது, எத்தனை நிமிஷம் ஓடவிடுவது, விருந்தாளி வந்த வாரத்தில் முகம் சுளிப்பதா என்பதெல்லாம் அவர் இஷ்டம். கரண்ட்டும் அப்படியே. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுப்பதை மெயின் மீட்டரில் தான் வாங்கிக்கொண்டு, சப்மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு கேட்பவர்களை ஊர் கெட்டிக்காரர் என்கிறது. என்ன சாதி, என்ன சமைப்பீர்கள் என்று விசாரித்த பிறகே வாடகையைச் சொல்பவர்களை அதுகூடச் சொல்வதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

ஒத்திப் பணம் தாமதமாகும்போது வீட்டுக்காரர் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "சும்மாதானே இருக்கீங்க, இன்னும் ஆறு மாசம் இருங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" கேட்பவருக்கும் சட்டென்று பதில் வராது. மகனுக்கு மதுரையில் காலேஜ் கிடைத்திருக்கிறது, அங்கே ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசில்லை. வேலை மாறுதல் ஆர்டர் வந்து, குடும்பம் ஓரிடம், அவர் ஓரிடம் என்று இரண்டு அடுப்பு எரிகிறது. வாடகைக்கு இருப்பவர் இஷ்டப்பட்ட மாதம் கிளம்பிவிடலாம். ஒத்திக்காரரைக் கெடு முடிந்த பிறகும் கட்டிப்போடும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டி தர வேண்டியவர் யார் என்று ஜமாத்தில் இனி கேட்கலாம்.