விலைச்சீட்டு அறுக்காத சட்டை



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் திருமுழுக்கு யோவானைக் குறித்து மக்கள் கூட்டத்திடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பாலைநிலம்வரை நடந்து, வெயிலில் நெரிபட்டு, எதைப் பார்க்கப் போனீர்கள் என்று கேட்கிறார். மெல்லிய ஆடை உடுத்த ஒருவரைப் பார்க்கவா என்றும் கேட்டுவிட்டு, அப்படி உடுத்துகிறவர்கள் இருக்கும் இடம் அரண்மனை என்று அவரே பதிலும் சொல்கிறார். அவர் இதைச் சொல்லும் நேரத்தில் யோவான் ஏரோதின் சிறையில் கிடக்கிறார். யோவானின் உடுப்பைப் பற்றிப் போன ஞாயிறு கேட்டோம்: ஒட்டக மயிராடை, இடுப்பில் ஒரு தோல்வார்.

வெள்ளிக்கிழமை மாலை தெமட்டகொடை ஸ்டேஷன் மேடையில் நின்றேன். கோட்டையிலிருந்து வந்த ரயில் மருதானையைத் தாண்டி வந்து நின்றது. நம் பங்கு மக்கள் பலர் புறக்கோட்டையிலிருந்து பைகளோடு இறங்கினார்கள். ஒரு தாயின் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் நாலு பை, ஒரு சப்பாத்துப் பெட்டி. "ரெண்டாங் குறுக்குத்தெருவில கால் வைக்க இடமில்ல ஃபாதர். ஆனா எல்லாம் அரை விலை" என்றார். என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அந்த முகத்தில் இருந்தது களைப்பு மட்டுமே. ஆண்டவரின் கேள்வி அந்த மேடையில்தான் எனக்குள் இறங்கியது. கடிந்து கேட்கிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம், எதற்காக இவ்வளவு தூரம் அலைந்தாய் பிள்ளை என்று ஒரு தாய் கேட்பாளே, அந்த மாதிரிக் கேள்வி.

இந்த வருடம், 2025 நவம்பர் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமையை நாம் மறக்கப்போவதில்லை. அன்று நம் கைத்தொலைபேசிகளுக்கு இரண்டு விதமான செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று 'கறுப்பு வெள்ளி' விற்பனை: 50 வீதம் கழிவு, 70 வீதம் கழிவு, இன்று நள்ளிரவு வரை மட்டும். மற்றது டித்வா புயல் எச்சரிக்கை. மலையகத்தில் மண் சரிந்து வீடுகளை மூடியது. 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. களனி கங்கை பெருகி, நமக்குப் பக்கத்திலேயே கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் விட்டு ஞாயிறு திருப்பலிக்கு வந்தபோது வாசித்த நற்செய்தி நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றியது. நான் தேர்ந்தெடுத்த வாசகம் அல்ல அது. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறுக்குத் திருச்சபை குறித்திருக்கும் வாசகம்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். அதற்கு மறுநாள்தான் அந்தக் 'கறுப்பு வெள்ளி'. 2008இல் அதே வெள்ளி விடியற்காலை, நியூயோர்க்குக்குப் பக்கத்தில் லோங் ஐலண்டில் ஒரு கடையின் கதவைக் கூட்டம் தள்ளித் திறந்தபோது, உள்ளே நின்ற ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். நாம் அவர்களுடைய நன்றித் திருநாளை எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளின் விற்பனையை மட்டும் எடுத்துக்கொண்டோம். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரின் பொருளே நன்றி சொல்லுதல். நமக்கு வெள்ளி என்றால் பெரிய வெள்ளி. நன்றியும் வெள்ளியும் ஏற்கெனவே இந்தப் பீடத்தில் இருக்கின்றன.

வெள்ளம் வந்தபோது நம் மண்டபத்தில் உலர் உணவும் உடுப்பும் சேர்த்தோம். நீங்கள் மனமாரக் கொடுத்தீர்கள். இரண்டாம் நாள் இரவு இளைஞர்களோடு தரையில் உட்கார்ந்து நானும் உடுப்புகளைப் பிரித்தேன். ஒரு பையிலிருந்து சின்னச் சட்டை ஒன்று வந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அளவானது. இளஞ்சிவப்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ், முதுகில் ஒரு நாடா. கைக்குக் கீழே பிளாஸ்டிக் நூலில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 4,990 என்பதைச் சிவப்பால் வெட்டி 2,490 என்று போட்டிருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. எந்தப் பிள்ளையும் அதைப் போடவேயில்லை.

கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. தேவைப்பட்ட நேரத்தில் நல்லதைத்தான் கொடுத்தார். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்ததும் போன நத்தாருக்கு மறுநாள் என் நினைவுக்கு வந்தது. அன்று இங்கே ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். நள்ளிரவுத் திருப்பலியில் உங்களைக் காணவில்லையே என்று கேட்டேன். அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளைக்கு உடுப்பு எடுக்க ஏலாமப் போச்சு ஃபாதர். பழைய சட்டையோட கூட்டிக்கொண்டு வந்தா எல்லாரும் பார்ப்பாங்க" என்றார். கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஆறேழு வயதுதான் இருக்கும்.

அவர் சொன்ன 'எல்லாரும்' யார் என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர்கள் இல்லை. விளம்பரம் செய்கிறவர்கள் இல்லை. அது நாம்தான். அதில் நான் முதலாவது. நத்தார்த் திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் சொல்வது என்ன? "ஆ, புதுச் சட்டையா? வடிவா இருக்கே!" அன்போடுதான் சொன்னேன். ஆனால் புதுச் சட்டை இல்லாத பிள்ளையிடம் அந்த இரவில் சொல்ல என்னிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை. இயேசுவின் பிறப்புக்கு ஒரு நுழைவுச்சீட்டு இருக்கிறது, அது புது உடுப்பு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக இன்று உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

புதுச் சட்டை பாவம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பி வந்தபோது, இருப்பதில் முதல்தரமான அங்கியைக் கொண்டுவரச் சொன்ன தந்தையின் கதையைச் சொன்னவர் இயேசுதான். முச்சக்கரவண்டி ஓட்டி, இரவுச் சவாரிக்கும் போய்க் காசு சேர்த்து, மகளுக்கு ஒரு சட்டை வாங்கி வரும் தகப்பனின் கையை நான் முத்தமிடுவேன். இன்று மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிறத் திருவுடையில் நிற்கிறேன். திருச்சபைக்கும் நிறமும் பண்டிகையும் வேண்டும். என் மனதை வருத்துவது வேறு. நம்முடைய மக்களில் பலர் ஆசைக்காக வாங்குவதில்லை, வெட்கத்துக்காக வாங்குகிறார்கள். மற்றவர் முன்னால் குறைந்துபோகாமல் இருப்பதற்காக வாங்குகிறார்கள். அதற்காக டிசம்பர் முதல் வாரத்தில் தாலிக்கொடியும் தோடும் அடகுக்குப் போகின்றன. வெட்டிப் போட்ட விலையும், குறைந்துகொண்டே போகும் மணிக்கணக்கும், மூன்று தவணை வசதியும் அந்த வெட்கத்தைத்தான் தொட்டு இழுக்கின்றன. இன்று எடுத்த உடுப்புக்கு மூன்றாவது தவணை கட்டும்போது சாம்பல் புதன் வந்துவிடுகிறது. பிள்ளையின் சப்பாத்து வாரும் அறுந்துவிடுகிறது.

புனித யாக்கோபு இன்று இரண்டாம் வாசகத்தில் பயிர்செய்கிறவரைக் காட்டுகிறார். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் அவர் பொறுத்திருக்கிறார். பயிரை இழுத்து வளர்க்க முடியாது. திருவருகைக்காலம் நமக்குக் கற்றுத்தருவது இந்தப் பொறுமையைத்தான். இந்தத் திருவருகை வளையத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுதிரிதான் ஏற்றுகிறோம். நாலையும் ஒரேயடியாக ஏற்றுவதில்லை. வீட்டுக்குப் போய் வேதாகமத்தில் அந்த வாசகத்தைக் கொஞ்சம் மேலே இருந்து வாசித்துப் பாருங்கள். இன்று வாசித்தது 5ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்திலிருந்து. 2ஆம் வசனத்தில் செல்வரின் ஆடைகளைப் பூச்சி அரித்துவிட்டதாக யாக்கோபு சொல்கிறார். 4ஆம் வசனத்தில், வேலையாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். அலுமாரியில் கிடக்கும் உடுப்பையும் தைத்தவரின் கூலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கட்டுநாயக்கவில் 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்து, நம் நாட்டுப் பெண்கள் உலகத்தின் நத்தாருக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் சிலரும் அந்த வேலை செய்தவர்கள்; ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு எப்படி முதுகை முறிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு கண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் தொழிலாளரை உள்ளே போகச் சொன்னார்கள். விலைச்சீட்டில் வெட்டப்பட்ட தொகையை யாரோ ஒருவர் தன் உடம்பால் கட்டியிருக்கிறார்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாம் நின்ற வரிசைகளை நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்கு, மண்ணெண்ணெய்க்கு, பால்மாவுக்கு நின்றோம். எரிபொருள் வரிசையில் நின்றபடியே உயிர் விட்டவர்களும் உண்டு. அந்த வரிசையில் முன்னால் நின்றவருக்குக் குடை பிடித்தோம், தண்ணீர் கொடுத்தோம், கைக்குழந்தைக்காரரை முன்னால் விட்டோம். எதற்காக நிற்கிறோம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எல்லோரிடமும் பதில் இருந்தது. அந்த வருடத்து நத்தாரில் இந்தக் கோவிலில் புது உடுப்புக் குறைவு. யாரும் யாருடைய உடுப்பையும் பார்க்கவில்லை. நாம் பாடிய பாட்டுக்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அந்த வருடத்தின் துன்பம் திரும்பி வரவேண்டாம் என்றுதான் நாளும் மன்றாடுகிறேன். ஆனால் அன்று நமக்குள் இருந்த, உடுப்பைப் பார்க்காமல் ஆளைப் பார்த்த அந்தக் கண் எங்கே போனது?

உடுப்பு என்றதும் இன்னொருவரும் என் நினைவுக்கு வருகிறார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் உங்களில் பலர் நின்றீர்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அன்று யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தினார். 1687இல், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலத்தில், ஏழைக் கூலியாளின் உடுப்பில் இந்த மண்ணுக்கு வந்தவர் அவர். அந்த உடுப்பில்தான் அவர் வீடு வீடாகப் போனார்; மக்கள் அவரைக் குருவாக அடையாளம் கண்டார்கள். அதே திடலுக்கு எதிரே 2019இல் ஒரு பெரிய வணிக வளாகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளக்கு அலங்காரம் பார்க்கப் போங்கள், தவறில்லை. போகும்போது, இந்தத் திடலில்தான் கந்தல் உடுத்த ஒருவரைப் புனிதர் ஆக்கினார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அலுமாரியில் சும்மா தொங்கும் மேலாடை, ஆடையில்லாதவனுக்குச் சொந்தமானது என்று 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் புனித பசிலியார் போதித்தார். தானம் என்று அவர் அதைச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்தல் என்ற பொருளில் சொன்னார். இந்த வாரம் அலுமாரியைத் திறந்து விலைச்சீட்டோடு தொங்குவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொண்டுவாருங்கள். கொலன்னாவையில் சுவர் இன்னும் காயாத வீடுகள் இருக்கின்றன. அந்த இளஞ்சிவப்புச் சட்டையும் அப்படி ஒரு வீட்டுக்குத்தான் போனது.

இன்னும் ஒரு விடயம். வானதூதர் இடையருக்குக் கொடுத்த அடையாளத்தில் விண்மீன் இல்லை. துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தியிருக்கும் குழந்தைதான் அடையாளம். அது என்ன துணி என்று நம் வீட்டு அம்மம்மாக்களைக் கேளுங்கள். பிறந்த பிள்ளையை நாம் புதுத் துணியில் வைப்பதில்லை. பசை போட்ட புதுத் துணி பிள்ளையின் உடம்பைக் கீறும். அம்மம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்து, தோய்த்து, வெயிலில் காயவைத்து வைத்திருப்போம். நூறு தரம் தோய்த்த துணி. வீட்டில் உள்ள துணிகளிலேயே மெல்லியது அதுதான். அரண்மனையில் இருப்பதாக ஆண்டவர் சொன்ன மெல்லிய ஆடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துணியும் நினைவுக்கு வருகிறது. மரியாவும் யோசேப்பும் நாசரேத்திலிருந்து கட்டிக்கொண்டு போன மூட்டையில் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆகையால் இந்த வருடம் நம் பாலன் குடிலில் வெல்வெட்டும் சரிகையும் வேண்டாம். 20ஆம் திகதி சனிக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கையளவு பழைய நூல் சேலைத் துண்டு கொண்டுவாருங்கள். உயிரோடு இருப்பவருடையது, போய்ச் சேர்ந்தவருடையது, எதுவும் சரி. அவற்றைச் சேர்த்துப் பாலனுக்கு விரிப்புத் தைப்போம். கார்மென்ட்டில் வேலை செய்த நம் சகோதரிகள் மூன்று தையல் மெசின்களோடு அங்கே இருப்பார்கள். போன வருடச் சட்டை பிள்ளைக்குக் கட்டையாகிவிட்டதா, ஓரம் இறக்கித் தருவார்கள். வசதி உள்ளவர்களும் கட்டாயம் வாருங்கள். வசதி இல்லாதவர்கள் மட்டும் வரும் இடமாக அது ஆகிவிடக்கூடாது. 24ஆம் திகதி இரவு நானும் இந்தக் கோவிலில் இருக்கும் மிகப் பழைய வெள்ளைத் திருவுடையைத்தான் உடுத்துவேன். அதன் ஓரத்தையும் அன்றைக்கே தைத்துக்கொள்ள வேண்டும். திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்று பிள்ளைகளிடம் பெயர் கேட்பேன், பாட்டு எது பிடித்தது என்று கேட்பேன். உடுப்பைப் பற்றிப் பேசமாட்டேன். நீங்களும் பேசவேண்டாம்.

துணியைத் தோய்த்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். வெயில் இல்லாவிட்டால் விசிறிக்குக் கீழே போடுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.