நடுராத்திரியில் ஏறுகிறவர்கள்

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறுவதும் விருத்தாசலத்தில் ஏறுவதும் ஒன்றல்ல. எழும்பூரில் வண்டி முன்கூட்டியே பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, எதிர்சீட்டுக்காரரிடம் "நீங்க எதுவரைக்கும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் தாம்பரம். செங்கல்பட்டு தாண்டும்போது அந்த எட்டு பேரும் ஒரு குடித்தனம் ஆகிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் குடித்தனத்துக்குள் நடுராத்திரியில் நுழைகிற வேலை.

எனக்கு ஊர் கம்மாபுரம். காலேஜ் திருநெல்வேலியில். லீவு முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஜங்ஷனுக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஸ்டேஷன் அது. தெற்கே போகிற வண்டி வந்துசேர பதினொன்றரையோ பன்னிரண்டரையோ ஆகும். சில நிமிஷம்தான் நிற்கும். உள்ளே ஏறினால் இருட்டு, மின்விசிறிச் சத்தம், நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள். போன் வெளிச்சத்தில் நம்பரைத் தேடிப் போனால், என் பதினெட்டாம் நம்பர் மிடில் பெர்த்தில் ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

முதல் தடவை எழுப்பவே எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. எழுப்பியதும் அவர் சொன்னது: "தம்பி, அப்பர் காலியாத்தான் இருக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்." அந்த அப்பர் அரியலூரில் ஏறுகிற ஒருவருடையது. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். அரியலூரில் அவர் வந்து என்னை எழுப்பினார். மீதி ராத்திரியைக் கதவோரம் நின்று கழித்தேன்.

இந்த 'அட்ஜஸ்ட்' என்கிற வார்த்தையை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கேட்பதற்குக் கருணை மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். ஏற்கெனவே படுத்திருப்பவர், குடும்பமாக வந்து மூன்று பெர்த்தையும் பரப்பியிருப்பவர், குரல் இருப்பவர். இடம் இல்லாதவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அநேகமாகக் கேட்டதில்லை. ஆகவே "நம்பர்ல என்னங்க இருக்கு, மனுஷங்கதானே முக்கியம்" என்று யாராவது தத்துவம் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். நடுராத்திரியில் ஒற்றை ஆளாக ஏறுகிற இருபது வயசுப் பையனுக்கு அந்த நம்பர் ஒன்றுதான் துணை. அது இல்லையென்றால் லோயர் பெர்த் எப்போதும் உரத்த குரல்காரருக்குத்தான்.

ஜெர்மன் எழுத்தாளர் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கர் 1992-ல் குடிபெயர்வு பற்றி எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் ஒரு ரயில் பெட்டிக் காட்சி வருகிறது. பெட்டியில் முதலில் உட்கார்ந்தவர்கள் புதிதாக வருகிறவர்களை வேண்டாத விருந்தாளிகளைப் போலப் பார்க்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனில் இன்னும் புதியவர்கள் வந்தால், நேற்றைய விருந்தாளிகளும் வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். படித்தபோது விருத்தாசலத்தில் ஏறியவர் எழுதியது போலவே இருந்தது. ஆனால் அவருடையது உட்கார்ந்து போகிற பெட்டி. நம்முடையது தூங்குகிற பெட்டி. தூக்கம் நுழைந்துவிட்டால் ஒழுக்கக் கணக்கு கொஞ்சம் மாறிவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

படிப்பு முடிந்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை விஷயமாக அடிக்கடி மதுரை போகவேண்டியிருந்தது. இப்போது நானும் எழும்பூர்க்காரன். சொந்த ஊர் ஜங்ஷனைத் தூக்கத்திலேயே தாண்டிப் போகிறவன். அந்த ராத்திரி எனக்கு முப்பத்திமூன்று, லோயர். நியாயமாகக் கிடைத்தது, யாரிடமும் பிடுங்கியதில்லை. வண்டி விருத்தாசலத்தில் நின்ற குலுக்கலில் விழிப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவியின் குரல்: "நீ போடா சாமி, காலையில கொல்லைக்குப் போவணும்ல. நான் ஏறிக்கிறேன்." எங்க ஆயா பேசுகிற அதே பேச்சு. முந்திரிக்கொல்லைக்காரர்கள் பேச்சு.

அன்ரிசர்வ்டு பெட்டிகள் வண்டியின் இரண்டு கோடியிலும் இருக்கும். நடு பிளாட்பாரத்தில் நிற்கிற கிழவி அந்த நிமிஷங்களுக்குள் அங்கே ஓட முடியாது. எதிரில் நின்ற பெட்டியில் ஏறிவிட்டாள். ஒயர்கூடை ஒன்று, துணிப்பை ஒன்று. எங்கள் பகுதிக்கு வந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கீழே, என் படுக்கைக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்கும்போது "அப்பாடி" என்றது மட்டும் கேட்டது. என் காலை அரை அடி மடக்கினால் அவள் உட்கார இடம் இருந்தது. மடக்கவில்லை. தூங்குகிறவன் காலை மடக்கமாட்டான் அல்லவா, மடக்கினால் விழித்திருப்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கு எவ்வளவு வேகமாக எனக்குள் ஓடியது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அரியலூருக்கு முன்னால் டிடிஆர் வந்தார். "பாட்டி, இது ரிசர்வேஷன் கோச். இங்க உக்காரக்கூடாது." "திருச்சியில எறங்கி அந்தப் பொட்டிக்குப் போயிடறேன் சாமி." அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். தன் வேலையில் ஒரு சின்ன ஓட்டையை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார். நான் என் சட்டபூர்வமான ஆறடியில் கண்ணை மூடிக் கிடந்தேன். திருச்சியில் அவள் இறங்கிப் போனபிறகுதான் கண்ணைத் திறந்தேன். தாறுமாறாகக் கழற்றிப்போட்ட என் செருப்பு இரண்டும் ஜோடி சேர்த்து பெர்த்துக்கு அடியில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. யாரும் மிதிக்கக்கூடாதென்று வைத்தாளா, தான் உட்கார இடம் செய்துகொண்டாளா, தெரியாது.

நான் செய்தது தப்பா? சட்டப்படி இல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அந்த நீளம் முழுதும் என்னுடையது. 2017-ல் மாற்றும்வரை அது ஒன்பது மணியிலிருந்தே தொடங்கியது. ரிசர்வ் செய்யாதவர் ஸ்லீப்பரில் ஏறுவதே குற்றம். 2025 மே முதல் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்காரர்களுக்கும் அங்கே இடமில்லை. நியாயப்படி பார்த்தால் கொஞ்சம் சிக்கல். அந்த டிக்கெட் எனக்கு எப்படிக் கிடைத்தது? காலை பதினொரு மணிக்கு ஸ்லீப்பர் தட்கால் திறக்கும்போது ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் விரலை வைத்துக் காத்திருந்தேன். இப்போது அதற்கு ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். இல்லையென்றால் அறுபது நாள் முன்னாடியே பதிவு செய்யவேண்டும். அறுபது நாள் முன்னாடி யாருக்குச் சாவு தெரியும், யாருக்குப் பிரசவம் தெரியும்? அவசரமாகக் கிளம்புகிற கிழவிக்கு மிஞ்சுவது அந்தக் கோடிப் பெட்டி மட்டும். நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கும் ஏற்பாடு ரயில்வேயில் உண்டு. அதுவும் ரிசர்வ் செய்தவர்களுக்குத்தான். படுக்கிற மெத்தைகூட ஒருவர் கொடுத்தது. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே காலத்தில்தான் இரண்டாம் வகுப்பின் மரப்பலகைக்கு மெத்தை வந்தது. அவர் யாருக்காக அதைப் போட்டாரோ, அந்த ஜனம்தான் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் உரிமை உரிமைதான் என்று இன்றும் நினைக்கிறேன். பதினெட்டாம் நம்பர் பையனை மறந்துவிட்டு நான் திடீரென்று மகான் ஆக முடியாது. என்னை உறுத்துவது படுக்கையைக் கொடுக்காதது இல்லை. விருத்தாசலத்துக்கு வடக்கே, தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர். மழைக்கு ஒதுங்கிய ஆழ்வார் கதை எல்லோருக்கும் தெரியும். இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வருகிறார், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வருகிறார்; மூவர் நிற்கலாம். (காஞ்சி, மல்லை, மயிலை. மூன்று பேரும் எழும்பூர்ப் பக்கத்து ஆட்கள் என்பதை ஊர்க்காரன் என்ற முறையில் குறித்துவைக்கிறேன்.) ரயில்வேயும் சைடு லோயரில் ஆர்ஏசி என்று இரண்டு பேரை உட்காரவைத்து இந்தக் கதையின் பாதியைத் தினமும் நடத்துகிறது. கதையை எல்லோரும் விட்டுக்கொடுத்தலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. கதவு தட்டும்போது பொய்கையார் பதில் சொல்கிறார். உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். எவ்வளவு இடம் என்கிற பேச்சே அதற்கப்புறம்தான்.

நான் அந்தப் பேச்சையே இல்லாமல் ஆக்கினேன். கண்ணைத் திறந்து "ஆயா, எனக்கு முதுகுவலி, எழ முடியாது" என்று பொய் சொல்லியிருந்தால்கூட அவள் இன்னொருவரைக் கேட்டிருக்கலாம், இல்லை என்னைத் திட்டியிருக்கலாம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று ஊரில் சொல்வதை சோம்பேறிகளைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். மறுக்கிறவனுக்குக் குறைந்தபட்சம் மறுத்தோம் என்பதாவது மிச்சமிருக்கும். நான் மறுக்கவும் இல்லை.

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "நீ ஆம்பள. கண்ணத் தொறந்து வச்சுக்கறது உனக்கு தர்மம். நான் ராத்திரி ரயில்ல கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கறது எனக்கு பூட்டு மாதிரி. காலடில எவனாவது வந்து உக்காந்து, 'கொஞ்சம் நகருங்க'ன்னு ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும். உன் ஆழ்வார் கதையில பொம்பள யாராவது உண்டா?" பதில் இல்லை. அவள் சொல்வது சரி. விழித்திருக்கும் கடமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, பயமில்லாதவனுக்குக் கூடுதல். எனக்கு அன்றைக்குப் பயம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. கால் நீட்டியிருப்பது சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன மாசம் மறுபடி அதே வண்டி. விருத்தாசலம் வருவதற்குள் அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். பிளாட்பாரத்தில் பத்துப் பதினைந்து பேர். ஒரு குடும்பம் பீங்கான் சாமான் அட்டைப்பெட்டியோடு அடுத்த கோச்சில் ஏறியது. எங்கள் பகுதிக்குப் பை மாட்டிய ஒரு பையன் மட்டும் வந்தான். போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துவிட்டு, "சாரிண்ணா, இது நாப்பத்திரெண்டா?" என்றான். அடுத்த பகுதி, மிடில் என்றேன். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றான்.

"யாரோ படுத்திருக்காங்கண்ணா."

"எழுப்பு."

தயங்கினான். நானும் எழுந்து கூடப் போனேன்.