முன்பள்ளி ஆசிரியையின் வளர்ச்சி: கோருவோர் யார்?

வாண்மை விருத்தி என்னும் தொடர் கல்வியுலகிற் பெருவழக்காகிவிட்டது. ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்கென இலக்குகளை வகுத்து, ஆண்டுதோறும் அவற்றை நோக்கி முன்னேறுதல் வேண்டும் என்பதே அதன் சாரம். பல்கலைக்கழக ஆசிரியரைப் பொறுத்தவரை இக்கோரிக்கையில் இடர்ப்பாடு அதிகமில்லை. வளர்வதற்கான நேரமும் நூலகமும் வேதனமும் அவருக்கு உண்டு. அழுதுகொண்டு வரும் மூன்று வயதுப் பிள்ளையைத் தேற்றி உள்ளே அழைத்துச் செல்லும் முன்பள்ளி ஆசிரியையிடம் அதே கோரிக்கையை வைக்கும்போதுதான் அது அறவியல் வினாவாக உருக்கொள்கின்றது. அவரிடம் அதனைக் கோரும் உரிமை யாருக்கு உண்டு?

இலங்கையில் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்று போற்றப்படுவது. ஆயின் முதலாம் தரத்துக்கு முந்திய பருவம் பெரும்பாலும் அதன் எல்லைக்குப் புறத்தேதான் நிற்கின்றது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. எனினும் அவற்றுட் பலவற்றைச் சனசமூக நிலையங்களும் சமய நிறுவனங்களும் தனியாருமே நடத்துகின்றனர். அங்குள்ள ஆசிரியையரின் ஊதியம் பெற்றோர் செலுத்தும் மாதக் கட்டணத்திலும் சிறு கொடுப்பனவுகளிலும் தங்கியுள்ளது. இவ்வாறு பொறுப்பைக் கைநெகிழவிட்ட சமூகமே அவரை 'இரண்டாவது தாய்' எனப் புகழ்கின்றது. இப்புகழ்ச்சி ஐயத்துக்குரியது. அவரது பணி தாய்மையின் இயல்பான நீட்சி எனின், அதற்குப் பயிற்சியும் வேண்டா, கூலியும் வேண்டா என்னும் முடிவு அதனுள்ளே மறைந்துகிடக்கின்றது. 1840 இல் 'சிறுவர் பூங்கா' என்னும் பெயரை வழங்கிய புரொபெல் பெண்களின் தாய்மை உணர்வைப் பெரிதும் மதித்தவர். அவரே அவர்களுக்கு முறையான பயிற்சி இன்றியமையாதது எனவும் வற்புறுத்தினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, இலக்கு என்பது யாது? 'ஆண்டிறுதிக்குள் பிள்ளைகள் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதுவர்' என ஒருவர் எழுதி வைப்பாராயின், அது பிள்ளையின் தலையில் ஏற்றப்பட்ட சுமையேயன்றி ஆசிரியையின் வளர்ச்சிக்குரிய இலக்கன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலின் நிழல் நான்கு வயது வரை நீண்டுவிட்ட சூழலில் இம்மயக்கம் எளிதில் நேர்கின்றது. ஆசிரியையின் இலக்கு அவரது நடத்தையைப் பற்றியதாதல் வேண்டும். ஆரம்ப வகுப்புகளை ஆராய்ந்த அமெரிக்கரான மேரி பட் ரோ, வினாவொன்றைக் கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரி ஒரு விநாடியளவே காத்திருக்கின்றார் எனக் கண்டார். 1974 இல் வெளியான அவரது ஆய்வின்படி, மூன்று விநாடியோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழகியபோது விடைகள் நீண்டன. விடையின்றி நிற்போர் குறைந்தனர். இடையிலுள்ள இரண்டு விநாடி அற்பமாகத் தோன்றலாம். ஆரவாரம் மிக்க வகுப்பொன்றில் அதனை வழக்கமாக்கிக்கொள்ள ஓராண்டும் போதாது. சான்றிதழ்களும் வேண்டியனவே, ஆயின் கருத்தரங்கில் ஒப்பமிட்டுப் பெற்ற காகிதம் இந்த இரண்டு விநாடியைத் தந்துவிடாது.

இதற்கெதிராக எழும் தடை வலுவானது. குறைந்த ஊதியத்தில் அரைநாட் பணியாற்றி, பிற்பகலில் தையலோ தனியார் வகுப்போ தேடிச் செல்லும் ஒருவரிடம் தன்னாய்வையும் குறிப்பேட்டையும் எதிர்பார்ப்பது நீதியா? கடமை உண்டு என்பதும் அதனைக் கோரும் உரிமை உண்டு என்பதும் வெவ்வேறு. ஊதியத்தை மறுத்தவர் பிள்ளையல்லர். ஆதலாற் பிள்ளைக்குரிய கடமை ஆசிரியையை விட்டு நீங்குவதில்லை. ஆயின் அக்கடமையைச் சுட்டிக்காட்டி அவரை வினவும் தகுதியைச் சமூகம் இழந்துவிடுகின்றது. முன்பள்ளியின் பயனை நிறுவ அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெரி முன்பள்ளித் திட்டம் (மிச்சிகன், 1962–1967) இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அதிற் பயின்ற 58 பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஆசிரியர் வாரந்தோறும் சென்று ஒன்றரை மணித்தியாலம் செலவிட்டனர். அவர்கள் தகுதிச் சான்று பெற்றோர்; அவ்வருகை அவர்களது பணியின் பகுதியே. பயனை மேற்கோள் காட்டுவோர் இதனை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

இருவர் ஒருவர் வகுப்பை மற்றவர் அவதானித்துக் கலந்துரையாட வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும். அந்த மணித்தியாலத்துக்கும் ஊதியம் கணக்கிடப்படுதல் வேண்டும்.