தண்ணீர் வடிந்த பிறகு

வார்ப்பிரும்பு தண்ணீருக்குள் முழுதாக முங்கிக் கிடக்கும்போது அவ்வளவு வேகமாகத் துருப்பிடிப்பதில்லை. துருவுக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். வெள்ளம் வடிந்து, இரும்பின் மேல் மெல்லிய ஈரம் மிஞ்சி, அதில் காற்றுப் படத் தொடங்கிய பிறகுதான் துரு விறுவிறுவென்று ஏறும். முங்கிய வண்டிகளைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது கை அனுபவமாகவே தெரியும். எனக்கு இது தெரிய வந்தது 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு. அன்றிலிருந்து மனிதர்களைப் பற்றி யோசிக்கும்போதும் இதை விட முடியவில்லை.

அந்த டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டிய பிறகு. எங்கள் தெருக்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். அடி எங்கிருந்து விழுந்தது என்பதைத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அடுத்த முறை தவறான கரையைத்தான் உயர்த்துவோம்.

முடிச்சூரில் என் பெரியப்பா வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவருடைய புல்லட் நின்றது. மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தயாரிப்பு. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், வார்ப்பிரும்புச் சிலிண்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல இறக்கி, டீகம்ப்ரஷர் லீவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஒரே மிதியில் அவர் அதைக் கிளப்புவார்.

வெள்ளத்தின்போது பெரியப்பா நன்றாகத்தான் இருந்தார். மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குச் சமையல், படகுக்காரர்களுக்கு வழி சொல்வது எல்லாம் அவர்தான். பிறகு தண்ணீர் வடிந்தது. சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்த இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். சேறு அள்ளுவது, நனைந்த பத்திரங்களை உலர்த்துவது, அலுவலகங்களுக்கு அலைவது என்று இரண்டு மாதம் போயிற்று. மாசி வாக்கில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வாசலுக்கு வருவதும் நின்றது. வண்டியை யாரும் தொடவில்லை. அரிசியும் படுக்கையும் போன வீட்டில் வண்டி கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

அடுத்த ஆண்டில்தான் மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தோம். என் பெரியப்பா மகன் முழு எடையையும் போட்டுக் கிக்கர் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அண்ணன் அவனை இறங்கச் சொன்னார். "காலை எடு தம்பி. எங்க மாட்டியிருக்குன்னு தெரியாம மிதிச்சா, மாட்டாத இடமும் சேர்ந்து போயிடும்."

அவர் தேடிய முறையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. முதலில் ஆயிலை வடித்தார். தண்ணீர் கனமானது என்பதால் அதுதான் முதலில் வந்தது. பின்னால் பால் விட்ட காபி நிறத்தில் ஆயில். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருந்த பிளேட்டுகளைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். இப்போது கிளட்ச்சைப் பிடித்துக் கிக்கரை அழுத்தினால் தடையில்லாமல் இறங்கியது. விட்டுவிட்டு அழுத்தினால் அசையவில்லை. ஆக, கியர்பாக்ஸில் குறையில்லை, கோளாறு இன்ஜினில். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது, சுற்றிலும் செம்பழுப்பு. ஓட்டத்தில் சூடேறி ஜாம் ஆவது வேறு: அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்து இறுகிவிடும். இதுவோ, நின்ற இடத்திலேயே ரிங்கும் சிலிண்டரும், இரும்போடு இரும்பு, துருவால் ஒட்டியது. ஓடி நின்றதையும் நின்றே நின்றதையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து பிளக் துவாரம் வழியே ஊற்றினார். தினமும் கொஞ்சம் ஊற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டச் சொன்னார். அந்த வேலையைப் பெரியப்பாவிடம் கொடுத்தது பெரியம்மா. ஒரு மாலை சக்கரம் மயிரிழை அசைந்தது.

அசைந்ததும் கிளப்பிப் பார்க்க எல்லாருக்கும் கை பரபரத்தது. அண்ணன் அனுமதிக்கவில்லை. உள்ளே உதிர்ந்த துரு அரம்போல ராவிவிடும், பிரித்தே ஆக வேண்டும் என்றார். பிரித்ததில், ரிங் நின்ற இடத்தில் சிலிண்டரைச் சுற்றி ஒரு பட்டையாகப் பள்ளம் விழுந்திருந்தது. லேத் பட்டறையில் போர் போட்டு, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டியதாயிற்று. போர் போடுவது என்றால் பள்ளம் மறையும் ஆழத்துக்குச் சுற்றிலும் நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சீவுவது. ஒரு சிலிண்டருக்கு அப்படிச் சில தடவைதான் செய்யலாம். வண்டி ஓடியது; பெரியப்பாவும் பேசத் தொடங்கினார். ஆனால் அவரும் கொஞ்சம் உலோகம் இழந்த மனிதராகத்தான் மீண்டார். கூட்டம் கூடும் இடங்களுக்கு அதன்பின் அவர் போகவில்லை. அதற்காக அந்த மீட்சியைக் குறைவென்று சொல்ல எனக்கு மனமில்லை. சரியான நேரத்தில் செய்திருந்தால் ஒரு கரண்டி ஆயிலோடு முடிந்திருக்கும் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

நம் வழக்கத்தில் துக்கத்துக்கு ஆள் சேர்வது விரைவாக நடக்கும். எடுக்கும் நாளில் தெரு கொள்ளாது, பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்துவிடுவார்கள். அதன்பின் வருஷத் திவசம்தான். நடுவிலுள்ள பெரும்பரப்பில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? பேங்க் கையெழுத்து, பென்ஷன் அலைச்சல், தனியாகச் சாப்பிடும் இரவுகள் எல்லாம் வரும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அந்தப் பரப்பில்தான் மனிதர்கள் இறுகிப் போகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விவாகரத்தும் வேலை இழப்பும் இப்படியே. செய்தி கேட்ட வாரம் போன் ஓயாது, மூன்றாம் மாதம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சமயத்தில் பெரிய ஆறுதல் எதுவும் தேவைப்படாது என்பதுதான் இதில் ஏமாற்றமளிப்பது. கூட உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர். வடிந்த அன்றே பெரியப்பா மகன் தெருவிலிருந்த வண்டிகளுக்கெல்லாம் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டான். யாரையும் கிக்கர் மிதிக்க விடவில்லை. பெரியம்மா அதே தெருவில், தரைத்தளத்தில் தனியாக இருந்த ஒரு ஆசிரியையின் பெயரைக் காலண்டரில் தை, மாசி, பங்குனி மூன்று தாள்களிலும் எழுதி வைத்தார். அந்த மூன்று மாதமும் போய் வந்தார்.