செவ்வாயின் தூசி சொன்ன செய்தி

பசித்த வயிறுகள் நிறைந்த உலகில், பல கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு கிரகத்தின் வளிமண்டலத்தை ஆராய்வது நியாயமா? உழைப்போரின் செல்வத்தைக் கொண்டு வானத்தை அளக்க விஞ்ஞானிக்கு உரிமை உண்டா? இதனை அறியாமையின் குரலென்று ஒதுக்கிவிட முடியாது. சமுதாயப் பொறுப்புள்ள எவரும் கேட்கவேண்டிய கேள்வியே இது. விடை கூறுமுன் ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம்.

1971 நவம்பரில் அமெரிக்காவின் மரைனர் 9 செவ்வாயை அடைந்தது. வேறொரு கிரகத்தைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுவே. அங்கே அது கண்டதோ, கிரகம் முழுவதையும் மூடியிருந்த தூசிப் புயல். நிலத்தைப் படம்பிடிக்கும் வேலையை ஒத்திவைக்குமாறு பூமியிலிருந்து கட்டளை சென்றது, கலம் காத்திருந்தது. அக்காத்திருப்பு வீணாகவில்லை. வெப்பக் கதிர்களை அளக்கும் கருவி ஓர் உண்மையைக் காட்டிற்று: உயரே தூசி சூரியவொளியை உறிஞ்சி வளியைச் சூடேற்றியிருந்தது, ஒளி குன்றிய நிலமோ குளிர்ந்திருந்தது.

இவ்வறிவு செவ்வாயோடு நின்றுவிடவில்லை. அப்பணியில் பங்குகொண்ட கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் 1983 டிசெம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அணுவாயுத யுத்தத்தில் எரியும் நகரங்களின் புகை சூரியனை மறைக்கும், நிலம் குளிரும், பயிர் பொய்க்கும் என அது எச்சரித்தது. அதே ஆண்டில் சோவியத் விஞ்ஞானிகளும் தமது கணிப்பில் அத்தகைய குளிரையே கண்டனர். அதன் கடுமை எவ்வளவு என்பதில் பின்னர் வாதங்கள் எழுந்தன. ஆயினும், யுத்தத்தில் சேராத நாடுகளின் மக்களும் பட்டினியால் மடிய நேரும் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் வலியுறுத்தின.

இதில் ஒரு முரண்பாட்டையும் காண்கிறோம். மரைனரை ஏற்றிச் சென்ற அற்லஸ் ரொக்கெற், அணுகுண்டை ஏந்திச் செல்லவென உருவாக்கப்பட்ட ஏவுகணையின் வழிவந்தது. கருவி தானாக நன்மையையோ தீமையையோ தேர்ந்துகொள்வதில்லை. அதனை எவர், எதற்காக ஏவுகின்றனர் என்பதிலேதான் அறம் தங்கியிருக்கிறது.

இந்தப் பயனை 1971இல் எவரும் வாக்களித்திருக்க முடியாது. ஆகவே, “இதனால் என்ன பயன்?” என்று விஞ்ஞானியிடம் முன்கூட்டியே கேட்பதில் முழுப் பலன் இல்லை. ஆனால், “நீ காண்பதை யாரிடம் சொல்வாய்?” என்று முன்கூட்டியே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மக்களின் செல்வத்தால் பெற்ற அறிவு மக்களிடமே திரும்பவேண்டும். இராணுவ அலுவலகங்களின் இரும்புப் பெட்டிகளுள் அது உறங்குமாயின், பசித்தவனின் குற்றச்சாட்டுக்கு விஞ்ஞானியிடம் மறுமொழி இல்லை.

செவ்வாயின் தூசியில் பூமியின் பஞ்சத்தைக் கண்டவர்கள் அதனைப் பகிரங்கமாக உரைத்தனர். அவ்வளவில் அவர்கள் தம் கடனைத் தீர்த்தனர். எஞ்சியிருப்பது ஆயுதங்களை ஒழிக்கும் வேலை. அதனை எந்த விண்கலமும் நமக்காகச் செய்துதராது.