ஒற்றைக் குரலும் கூட்டத்தின் மனமும்: குவேக்கர் சபைகளில் முடிவெடுத்தல்

குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சங்கத்தார் சபைக் காரியங்களில் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. கட்டடத்தைப் பழுதுபார்ப்பதானாலும், போர்க்காலத்தில் என்ன நிலை எடுப்பது என்பதானாலும் கூடியிருந்து, கேட்டு, ஒருமனப்பட்டே தீர்மானிக்கிறார்கள். பெரும்பான்மையின் எண்ணிக்கை அங்கே செல்லாது. ஒருவர் மட்டும் மாறுபட்டு நின்றாலும், அவர் சொல்வதை எடைபோட்டுப் பார்க்காமல் காரியம் நகராது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய இந்த வழக்கம், விசுவாசக் கூட்டம் ஒன்றில் தனிமனிதக் குரலுக்கு என்ன இடம் என்ற கேள்வியை மூன்றரை நூற்றாண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

இதன் வேர் குவேக்கர் இறையியலில் இருக்கிறது. கிறிஸ்துவின் ஒளி எல்லா மனிதருக்குள்ளும் உண்டு என்று ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) போதித்தார். குருமாருக்கென்று தனி அதிகாரம் இல்லை. பெண்ணானாலும் வேலையாளானாலும் கடவுள் அவர் வழியாகப் பேசக்கூடும். ஆகவே ஒருவர் பேச்சை அலட்சியப்படுத்துவது கடவுளின் சொல்லையே தவறவிடுவதாக முடியலாம். ஆனால் அந்த ஒளி ஒன்றே என்பதால், ஒருவர் தமக்குக் கிடைத்ததாக எண்ணும் ஏவுதலை மற்றவர்களும் சோதித்துப் பார்க்க வேண்டும். 1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர், இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததைப் போல பிரிஸ்டல் நகருக்குள் சவாரி செய்தார். தேவநிந்தனைக் குற்றத்துக்காக நாடாளுமன்றம் அவரைக் கொடுமையாகத் தண்டித்தது. தனிமனித ஏவுதல் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை இந்த நிகழ்ச்சி குவேக்கர்களுக்கு உணர்த்தியது. அதன் பின் 1660களில் ஃபாக்ஸ், சபைக் காரியங்களைக் கவனிக்கும் மாதக் கூட்டங்களை ஊர் ஊராக நிலைநிறுத்தினார். லண்டன் கூட்டத்துக்கு 1662இல் எட்வர்ட் பர்ரோ என்ற குவேக்கர் எழுதிய அறிவுரை, உலக வழக்கப்படி வாதாடி வெல்ல முயலாமல் அன்போடு ஒருமனப்படும்படி கேட்டுக்கொண்டது.

கூட்டம் மௌன வழிபாட்டோடு தொடங்கும். கிளார்க் எனப்படுபவர் அதை நடத்துவார். அவர் தம் கருத்தை முன்வைப்பதில்லை. பேச விரும்புவோரை அழைப்பதும், கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் கூடிவருகிறது என்று கவனிப்பதும் அவர் பொறுப்பு. ஒருவர் பேசி முடித்ததும் சிறிது நேரம் அமைதி நிலவும். அடுத்தவர் மறுமொழியைத் தேடாமல், கேட்டதை உள்வாங்கிக்கொள்ள அந்த இடைவெளி உதவும். ஒருவரே திரும்பத் திரும்பப் பேசுவது தகாது. தெளிவு பிறந்ததாகத் தோன்றும்போது கிளார்க் தீர்மானக் குறிப்பை அங்கேயே எழுதி வாசிப்பார். கூட்டம் அதைத் திருத்தும், ஏற்கும், அல்லது காரியத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கும்.

எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்தாக வேண்டும் என்பது இதன் பொருளல்ல. மாறுபட்ட ஒருவர், தம் மனக்குறையைச் சொல்லிவிட்டு, தீர்மானத்தைத் தடுக்காமல் விலகி நிற்கலாம். அதே சமயம், ஒருவர் மறுத்தாலே காரியம் நின்றுவிடும் என்றும் இல்லை. அவர் மறுப்பில் கடவுளின் ஏவுதல் இருக்கிறதா, சொந்த விருப்பம்தானா என்பதைக் கூட்டமும் அவரும் சேர்ந்தே ஆராய வேண்டும். எண்ணிக்கையால் தோற்கடிக்கப்படாத உரிமை தனிமனிதருக்கு உண்டு. சோதிக்கப்படத் தம்மை ஒப்புக்கொடுக்கும் கடமையும் அவருக்கே உண்டு.

இந்த முறையின் வலிமையும் குறையும் அடிமை முறை பற்றிய நெடிய விவாதத்தில் வெளிப்பட்டன. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் அடிமை முறையைக் கண்டித்து எழுதிய மனு மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றான அமைப்புகளுக்குப் படிப்படியாக அனுப்பப்பட்டது. தீர்ப்புச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய காரியம் என்று அது ஒதுக்கிவைக்கப்பட்டது. பின்னர் பெஞ்சமின் லே என்பவர் 1738இல் ஆண்டுக் கூட்டத்தின் நடுவே, சிவந்த பழச்சாற்றை உள்ளே மறைத்துவைத்த புத்தகத்தை வாளால் குத்தி, அடிமைகளின் இரத்தம் யார் கையில் என்று எல்லாரும் காணச் செய்தார். சபை அவரை நீக்கியது. ஜான் உல்மன் (1720–1772) என்ற குவேக்கர் வேறு வழியில் சென்றார். அடிமை முறைக்கு எதிரான தம் கட்டுரையைச் சபையின் ஒப்புதலோடு 1754இல் வெளியிட்டார். அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு தேடிச் சென்று பேசினார். அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கெடுக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் 1758இல் தீர்மானித்தது. 1776இல் அடிமை வைத்திருப்பதையே உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது.

நால்வரின் மனுவுக்கும் இந்தத் தடைக்கும் இடையே 88 ஆண்டுகள். பொறுமையாகக் காத்திருந்ததால் சபை பிளவுபடாமல் மனம் மாறியது என்பது உண்மை. அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்கள் அல்லர், அவர்களுடைய வயல்களிலும் வீடுகளிலும் உழைத்த அடிமைகள் என்பதும் உண்மை. யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசப்பட்டதோ அவர்களின் குரல் அந்தக் கூடத்துக்குள் வரவே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சாரா மாப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பின ஆசிரியை, பிலடெல்பியா குவேக்கர் கூட்டத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பெஞ்சு ஒதுக்கப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். லேயின் கதையும் ஒரு பாடம். அவர் பேசிய விதம் கூட்டத்தைக் குலைத்தது. சொன்ன செய்தி சரியானது. சாந்தமாகச் சொல்லப்படும் உண்மையை மட்டுமே கேட்கும் சபை, கேட்கும் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.

வேறு இடர்களும் உண்டு. நீண்ட அனுபவமும் செல்வாக்கும் உள்ளவர்களின் சொல்லுக்குத் தானாகவே கனம் கூடிவிடும். வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் இந்தச் செல்வாக்கு கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்யும். கிளார்க் மீது நம்பிக்கை போய்விட்டால் முறை முழுவதும் ஆட்டம்காணும். அப்படி நம்பிக்கை குலைந்த நிலையில் 1827இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மீண்டும் ஒன்றுசேர 1955 வரை ஆயிற்று.

ஆகவே தனிக்குரலுக்கு மதிப்புத் தருவது நல்லெண்ணத்தால் மட்டும் கைகூடுவதில்லை. அவசரப்படுத்தாத நேரம், கட்சி சேராத கிளார்க், மாறுபட்டவரின் மனக்குறைக்கும் பதிவேட்டில் இடம், செல்வாக்கு உள்ளவர் தம் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் அடக்கம் ஆகியவை அதற்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர் அந்த அறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத ஒருமனம் கடவுளின் சித்தத்தைத் தேடியதாகாது. பேச முடியாதவர்களின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதாகவே ஆகும்.