ஊருணியும் வினைப் பங்கும்

ஊருணி வெட்டுதலைக் கோயில் திருப்பணிக்கு நிகரான தர்மமாகக் கருதி, வீட்டுக் கூரையில் விழும் மழைநீரையும் வாய்க்கால் வழியே அதிற் கொண்டு சேர்த்த செட்டிநாட்டு முன்னோர், அதன் புண்ணியம் தம் சந்ததிக்கெல்லாம் உரியதென்று நம்பியதில் பிழையில்லை. ஆனால் பாசி படர்ந்த படித்துறையில் ஒரு சிறுவன் வழுக்கி விழுந்து மாண்டால், காசு பிசகாமல் பேரேடு எழுதிய ஊரிலும், "அவன் விதி" என்ற ஒரே சொல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கங்களில் பழைய மாளிகைகள் சில விடுதிகளாகி நீச்சல் குளமும் கண்டுவிட்ட இந்நாளில், பங்காளிகள் பலருக்குப் பொதுவான வளவிலோ, பிரிபடாத பாகமென்று பத்திரம் எழுதிக்கொண்டு பலர் குடியிருக்கும் அடுக்ககத்திலோ இது நேர்ந்தால், பாவம் யாரைச் சாரும்?

சைவ சித்தாந்தம் இதில் நம்மைத் தப்பவிடுவதில்லை. மாண்டவன் அனுபவித்தது, முன்வினை பயன் தருவதாகிய அவனுடைய பிராரப்த கர்மமே என்று அது சொல்லுவது மெய்தான்; ஆயினும், கைப்பிடிச்சுவர் எழுப்பாமலும் ஆழம் இவ்வளவென்று எழுதிவைக்காமலும் அசிரத்தையாக இருந்து அவ்வனுபவத்துக்கு வாயிலாக நின்றவன், தனக்கென ஆகாமிய கர்மத்தைப் புதிதாக ஈட்டிக்கொள்கிறான் என்பதும் அதே கொள்கையிலிருந்து பிறக்கும் முடிவேயாகும். பிறன் வினையைக் காட்டித் தன் வினையை மறைப்பவன், என் அபிப்பிராயத்தில், நாஸ்திகனைவிட மோசமானவன். அவனாவது சாஸ்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

இனி, பங்கு விஷயம். ஊர் வரியைப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவென்று வகுப்பதுபோலப் பாவத்தை வகுக்க முடியாது; அசிரத்தையாயிருந்த ஒவ்வொருவரையும் அது முழுதாகவே சாரும். சிங்கப்பூரிலிருக்கும் பங்காளி, "நான் ஊரிலேயே இல்லையே" என்பார். வீடு விலை போகும் நாளில் மட்டும் தவறாமல் வந்து கையெழுத்திடுவார். கூட்டாகக் கவனக்குறைவாயிருந்தவர்களில் எவரிடமிருந்தும் முழு நஷ்ட ஈட்டையும் வசூலித்துக்கொள்ளலாமென்று சட்டமும் சொல்லுவதால், இம்மட்டில் நியாயஸ்தலமும் சித்தாந்தமும் ஒரே வழியில்தான் செல்லுகின்றன.

பிரிவது வேறோர் இடத்தில். 1972-இல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் குளத்தில் தலைகீழாகப் பாய்ந்து, அடியில் தலை மோதி, அங்கங்கள் செயலற்றுப்போன ஜெர்மானிய விமானி ஒருவர் 1985-இல் இறந்தார். 1997-இல் ஹைகோர்ட் நீதிபதி, ஹோட்டலின் அசிரத்தையே காரணமென்று கண்டு, 50 லட்ச ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். 2002-இல் அதே கோர்ட்டின் மேல் பெஞ்சு, தேகத்துக்கு நேர்ந்த தீங்கைப் பற்றிய வழக்குரிமை அத்தேகத்தோடேயே அற்றுப்போயிற்றென்று அதைத் தள்ளியது. பட்டவனைப் பொறுத்தமட்டில் சித்தாந்தி இதை ஒப்புக்கொள்ளக்கூடும். நீதிபதி கண்ட அசிரத்தையும் கூடவே சிதையேறியதென்பதை மட்டும் அவனால் ஒப்ப முடியாது.